புலம்பெயர்ந்தவரின் படத்தில் ஊர் எங்கே இருக்கிறது?

கதியால் எழுதியது:

கண்காட்சிச் சுவர்க்குறிப்புகளை ஒருக்கால் வரிசையாக வாசித்துப் பாருங்கோ. ஓவியர் ரொறொன்ரோவில் இருந்தாலும் பாரிஸில் இருந்தாலும் வசனம் ஒன்றுதான்: “வேர்களைத் தேடும் வலியின் வெளிப்பாடு.” ஒரு பனை, ஒரு முள்ளுக்கம்பி, ஒரு சூட்கேஸ் இருந்தால் போதும், அடையாளம் பற்றிய பகுதி முடிஞ்சுது. மாணவர்கள் அதையே ஆய்வுக்கட்டுரையிலும் கொப்பி அடிக்கினம்.

குடிபெயர்ந்த பின்னணி ஒரு ஓவியரின் கையில் என்ன வேலை பார்க்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா? என்ன பொருளை வரைந்தார் என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ. மேற்பரப்பு, நிறம், நிழல், வேலை செய்த ஒழுங்கு, பாவித்த சாமான், இவற்றில் எங்கே தெரியும்? கைவேலை தெரிந்தவர்கள் எழுதுங்கோ. உணர்வு பற்றி எழுத விரும்புகிறவர்கள் தயவுசெய்து வேறு இழை திறவுங்கோ.

சாந்துக்கரண்டி எழுதியது:

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லோரன்ஸில் தொடங்கலாம். அவரிடம் விடை ஒளிவுமறைவில்லாமல் கிடக்கு. அமெரிக்கத் தெற்கிலிருந்து வடக்கு நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பினக் குடும்பங்களை 1940–41இல் 60 பலகைகளில் வரைந்தார். அவருடைய பெற்றோரும் அப்படி வடக்கே வந்தவைதான். ஹார்ட்போர்ட், மேலே ஜெசோ என்கிற வெள்ளை அடிப்பூச்சு, அதன் மேல் கேசீன் டெம்பரா, அதாவது பால்புரதத்தில் கலந்த வர்ணம். பலகை ஒன்று ஏறத்தாழ 30க்கு 46 செ.மீ.

அவர் வேலை செய்த ஒழுங்கைக் கவனியுங்கோ. வாசகங்களை முதலிலேயே எழுதி வைத்தார். பிறகு 60 பலகையையும் ஒன்றாகப் பரப்பி, கறுப்பை எல்லாவற்றிலும் பூசினார். அடுத்த கடும் நிறத்தை எல்லாவற்றிலும். இப்படியே வெளிர் நிறம் வரை. ஒரு பலகையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகவே இல்லை. கேசீன் கெதியாகக் காயும், காய்ந்ததும் நிறம் மாறும், அடுத்த கிழமை கலந்தால் அதே பச்சை வராது. இந்த முறையால் எங்கோ ஒரு வயலில் இருக்கிற பச்சையும் நகரத்துச் சுவரில் இருக்கிற பச்சையும் ஒரே கிண்ணத்துப் பச்சை ஆகிவிட்டது. முதல் பலகையிலும் ரயில் நிலையக் கூட்டம், 60ஆவதிலும் ரயில் நிலையக் கூட்டம். தனி முகம் இல்லாமல் கூட்டமே கதாநாயகன் ஆனது கிண்ணத்தில் நடந்த காரியம்.

அர்ஷில் கோர்க்கி இதற்கு நேர் எதிர். ஆர்மீனிய ஓவியர். 1912இல் வான் நகரில் (இன்றைய துருக்கியில்) எடுத்த ஒரு போட்டோவில் தாயும் பொடியனும் நிற்கினம். தாய் 1919இல் பட்டினியில் இறந்தார், மகன் 1920இல் அமெரிக்கா போனார். அந்த ஒரே போட்டோவை வைத்து 1926 அளவில் தொடங்கி இரண்டு கன்வஸ்களை வருஷக்கணக்காக வரைந்தார். ஒன்று நியூயோர்க் விற்னி அருங்காட்சியகத்தில், மற்றது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில். பூசுவார், காயவிடுவார், சுரண்டுவார், திரும்பப் பூசுவார். விற்னிப் படத்தின் தோல் பீங்கான் மாதிரி வழவழப்பு. தாயின் கைகள் மட்டும் வெள்ளை மொத்தையாக விடப்பட்டிருக்கு. சுவர்க்குறிப்பில் “இழப்பின் வலி” என்று எழுதாதேங்கோ. “பல தடவை சுரண்டப்பட்டது” என்று எழுதினால் மிச்சத்தைப் பார்க்கிறவர் பார்த்துக்கொள்வார்.

இதைச் செய்து பார்க்கிற மாணவருக்கு ஒரு எச்சரிக்கை: எண்ணெய் வர்ணம் தொட்டால் ஒட்டாத நிலையும் உள்ளே காய்ந்த நிலையும் ஒன்றில்லை. மேல்தோல் மட்டும் காய்ந்ததைச் சுரண்டினால் கன்வஸ் நூல் வரை கிழிந்து வரும். ஈய வெள்ளை பாவித்த பழைய படமென்றால் உலர் தேய்ப்புக் கூடவே கூடாது, அந்தத் தூசு நஞ்சு.

சங்கடப்படலை எழுதியது:

நல்ல உதாரணங்கள், ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறம். பொருளைத் தள்ளி வைக்கச் சொன்னால் இங்கே பாதி விஷயம் போய்விடும். பனை இருக்கிறதா என்று கேட்கிறது சும்மா கேள்வி. எந்தப் பனை என்று கேட்க வேண்டும்.

புலம்பெயர்ந்த இரண்டாம் தலைமுறை ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகிற பிழைகள்:

பனைக்குத் தென்னை ஓலை. பனையோலை விசிறி மாதிரி விரியும், தென்னோலை இறகு மாதிரிப் பிரியும். இது குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும், ஆனால் கணினியில் தேடி எடுத்த படத்துக்குத் தெரியாது.

வேலி. மரப்பலகை வேலி எங்கட ஊரில் எங்கே இருந்தது? கிடுகு, பனையோலை, கருக்குமட்டை, இடையில் பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று உயிர்க்கதியால், அதாவது பச்சையாக நட்ட வேலித்தடி. கதியால் துளிர்க்கும். அதனால் வேலி நேர்கோடாக நிற்காது, வருஷத்துக்கு வருஷம் வளையும். நேர்கோட்டு வேலி வரைந்த படத்தில் எல்லைச் சண்டையே வராது!

மண். எல்லாரும் செம்மண் பூசுகினம். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் என்றால் சரி. மணற்காட்டுக்கு வெள்ளை மணல். தீவுப்பகுதிக்கு அந்தச் சிவப்புப் பொருந்தாது.

கோலம். இதுதான் பெரிய கள்ளம். தமிழ்நாட்டு வாசல் மாதிரித் தினமும் விடிய மாக்கோலம் போடுகிற வழக்கம் இங்கே பொதுவில்லை. பொங்கலுக்குப் போடுவம். எங்கட வாசலின் அடையாளம் நிறைகுடமும் குத்துவிளக்கும் தோரணமும். தோரணத்திலும் கவனம்: மங்கலத்துக்கு ஓலையில் மடித்த நாலு குருவி மேலே பார்க்கும், அமங்கலத்துக்கு மூன்று, கீழே பார்க்கும். கலியாண வீட்டுப் படத்தில் செத்தவீட்டுத் தோரணம் தொங்கினால் இங்கே அம்மம்மாமார் படத்துக்கு முன்னால் நின்று நெஞ்சில் கை வைப்பினம்.

இந்தப் பிழைகளைப் பார்த்தால் ஓவியரின் ஊர் எங்கிருந்து வந்தது என்று தெரியும். வீட்டில் சொன்ன கதையிலிருந்தா, ரீவீயிலிருந்தா, கலண்டரிலிருந்தா என்று.

வெயில்மானி எழுதியது:

படலை அண்ணை சொன்ன பட்டியலில் நிழல் இல்லை. புலம்பெயர்ந்த கை அதிகமாகப் பிடிபடுகிறது நிழலில்தான்.

யாழ்ப்பாணம் ஏறத்தாழ வடக்கு 9.7 பாகையில் இருக்கு. வருஷத்தில் இரண்டு தரம், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே. மார்கழி 22இலும் நடுப்பகல் உயரம் 57 பாகை அளவில் நிற்கும். லண்டன் 51.5 பாகை, அங்கே அதே நாள் நடுப்பகல் சூரியன் 15 பாகைதான். ஆறடி மனிதனுக்கு அன்று நடுப்பகல் நிழல் இங்கே 4 அடிக்குக் கொஞ்சம் குறைவு, லண்டனில் 22 அடி.

லண்டனில் பழகிய கண் மத்தியான முற்றத்தையும் நீண்ட சாய்நிழலோடு வரையும். பார்க்கிறவருக்கு ஏதோ சரியில்லை என்று படும், என்ன என்று பிடிபடாது. யாழ்ப்பாணத்து மத்தியான நிழல் காலடியில் குட்டை மாதிரி கிடக்கும். இறவாரத்துக்குக் கீழே கறுப்பும் இருக்காது. வெள்ளை மணலில் பட்ட வெயில் மேலே எறிக்கும், அதனால் அந்த நிழலுக்குள் ஒரு மஞ்சள் கலந்த வெளிச்சம் இருக்கும். அதைக் கறுப்புச் சேர்த்து இருட்டாக்கினால் வீடு குகை ஆகிவிடும். எரித்த அம்பர் (கடும் பழுப்பு), அதில் நீலம் ஒரு சொட்டு, மேலே மெல்லிய மஞ்சள் காவிப் பூச்சு. இது போதும்.

தெற்குவாசல் எழுதியது:

மன்னிக்கோணும், இது கொஞ்சம் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரிப் போகுது. நிழல் நீளம் பிழை, தோரணம் பிழை, மார்க்ஸ் இல்லை. ஓவியர் நில அளவையாளரா?

ஐவன் பீரிஸை எடுங்கோ. 1943இல் கொழும்பில் தொடங்கிய நவீன ஓவியர்களின் 43 குழுவில் இருந்தவர். 1953இல் இங்கிலாந்து போனார், 1988இல் இறக்கும்வரை அங்கேதான். சவுத்எண்டில் கடலோரத்தில் வாழ்ந்தார். வாசலில் ஆங்கிலக் கடல் கிடக்க, அவர் படங்களில் திரும்பத் திரும்ப வந்தது கொழும்புக்குக் கிட்ட தெஹிவளைப் பக்கத்துக் கரை. அந்தக் கரையை அளந்து பார்த்தால் எந்தக் கரையோடும் பொருந்தாது. மரங்கள் நிற்கிற விதம், ஆட்கள் அசையாமல் நிற்கிற விதம், ஒளி எந்த நேரத்து ஒளி என்று சொல்ல முடியாத விதம் எல்லாம் தூரத்தால் வந்தவை. பொருத்தமில்லாமைதான் அந்தப் படங்களின் பலம்.

சங்கடப்படலை எழுதியது:

தெற்குவாசல், பீரிஸ் விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் அவருடைய பொருத்தமின்மை ஒரு ஒழுங்கோடு வரும். முப்பது வருஷம் ஒரே மாதிரிப் பொருந்தாமல் இருக்கிறதுக்கு ஒரு கண் வேண்டும். கலண்டரிலிருந்து எடுத்த கோலத்துக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒரு ஓவியரின் பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. பிழை ஒரே திசையில் சாய்ந்தால் அது நினைவு. திசைக்கொன்றாகச் சிதறினால் தேடியந்திரம்.

வெயில்மானியின் கணக்கையும் அப்படித்தான் பாவிக்க வேண்டும். மார்க்ஸ் போடுவதற்கில்லை, சாய்வு எந்தப் பக்கம் என்று பார்ப்பதற்கு.

கொழுந்து எழுதியது:

எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே போனவர்களையே கதைக்கிறியள். புலம்பெயர்ந்த பரம்பரை என்றால் மலையகம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அதில்தான் இருக்கு. கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், 1948 சட்டத்தால் குடியுரிமை இல்லாமல் போனவர்கள், 1977க்குப் பிறகு வன்னிக்கு இறங்கியவர்கள். அந்தப் பிள்ளைகள் இன்று யாழ் பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கினம். அங்கே படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலை சார்ந்த பொருட்களையே படமாக்குகிறார். அங்கே பரம்பரை வரைபொருளாக மட்டுமில்லை, சாயமாகவே வந்து நிற்குது.

தேயிலைச் சாயம் செய்கிற முறை, கேட்கிறவர்களுக்கு: டஸ்ட் தேயிலை 10 கிராம், தண்ணி 500 மி.லீ. பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, துணியில் வடித்து, ஆறவிடுங்கோ. 300 கிராம் (சதுர மீற்றருக்கு) பருத்திக் கடதாசியைப் பலகையில் ஈரமாக ஒட்டி இறுக்கிவிட்டு, மெல்லிய பூச்சாக அடியுங்கோ. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய வேண்டும். ஆறு ஏழு பூச்சில்தான் ஆழம் வரும். ஒரே தரத்தில் கடும் டிக்காஷன் ஊற்றினால் ஓரத்தில் கறை வளையம் கட்டும். வளையம்தான் வேண்டுமென்றால் அது வேறு கதை, கோப்பை அடியை வையுங்கோ.

பிளேன்ரீ மட்டும். பாலும் சீனியும் கலந்த மிச்சத்தைப் பாவித்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதுக்கு முதல் எறும்பு வந்து படத்தை இரசிக்கும்.

சாம்பல் கறுப்பு வேண்டுமா? இரும்பு ஆணியை வினாகிரியில் ஒரு கிழமை ஊறப்போட்டு அதில் சில சொட்டு விடுங்கோ. தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். கூடினால் அதே கறுப்பு வருஷங்களில் கடதாசியை அரித்துத் துளை விடும். சில சொட்டு என்றால் சில சொட்டுத்தான்.

சாந்துக்கரண்டி எழுதியது:

கொழுந்து அக்கா (தம்பி என்றால் மன்னிக்கவும்), ஒன்று சேர்க்கிறேன். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியில் இதைச் செய்தால் நிறம் மங்கலாகவும் மேலே ஆடை கட்டியும் வரும். சுண்ணக்கல் நிலம், தண்ணியில் கல்சியம் கூட. மலையில் ஊற்றுத் தண்ணியில் வருகிற செம்பழுப்பு இங்கே வராது. மாரிமழைத் தண்ணியைப் பிடித்து வையுங்கோ. நீர்வர்ணத்துக்கும் அதுதான் நல்லது. ஒரு மலையகப் பிள்ளையின் அதே செய்முறை, அதே தேயிலை, யாழ்ப்பாணத்தில் வேறு நிறம். சுவர்க்குறிப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

மஞ்சள், குங்குமத்தைக் கொண்டு “பண்பாட்டு நிறம்” பூசுகிறவர்களுக்கும்: மஞ்சள் வெளிச்சத்தில் மிகக் கெதியாக வெளிறும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் வருகிற ஆரத்திச் சிவப்பும் நிற்காது. சுண்ணாம்பு காற்றுப்பட்டு இறுக, காரம் போய், சிவப்பு பழையபடி மஞ்சளுக்குத் திரும்பும். கோயில் மதிலில் இருக்கிற காவி நிற்கும், அது இரும்பு மண். சோதனை: பூசிய துண்டில் பாதியை வெள்ளித்தாளால் மூடி இரண்டு கிழமை வெயிலில் வையுங்கோ. மூடின பாதியையும் திறந்த பாதியையும் ஒப்பிட்டால் முடிவு தெரியும்.

கார்பன்பிரதி எழுதியது:

இன்னொரு வழி, குடும்ப அல்பத்தையே மேற்பரப்பாக்குவது. நைஜீரியாவில் பிறந்து லொஸ் ஏஞ்சல்ஸில் வேலை செய்யும் என்ஜிடேகா அகுன்யிலி குரொஸ்பியின் பெரிய கடதாசிப் படங்களைக் கிட்டப் பார்த்தால், சுவரிலும் தரையிலும் உடுப்பிலும் நைஜீரியச் சஞ்சிகைப் படங்களும் குடும்பப் போட்டோக்களும் மங்கலாகப் பதிந்திருக்கும். தூரத்தில் அமெரிக்க வரவேற்பறை, கிட்டப் போனால் ஊர். பார்க்கிறவர் நடக்கிற தூரத்திலேயே இரண்டு நாடும் வந்துவிடும்.

முறை: லேசர் பிரிண்ட் அல்லது போட்டோக்கொப்பி மட்டும். இங்க்ஜெட் இதுக்குச் சரிவராது, டோனர் என்கிற மைத்தூள்தான் கரைந்து இறங்கும். படத்தைக் கவிழ்த்து வைத்து, மாஸ்கிங் ரேப்பால் ஒரு ஓரம் பிடித்து, பின்பக்கம் அசிற்றோனைப் பஞ்சால் ஒற்றி, கரண்டி அடியால் தேய்க்க வேண்டும். எங்கட வெக்கையில் அசிற்றோன் கணத்தில் பறக்கும். ஆகவே 5 செ.மீ. சதுரமாக நனைத்து, தேய்த்து, அடுத்ததுக்குப் போங்கோ. மொத்தத் தாளையும் ஒரே தரத்தில் நனைத்தால் நடுப்பகுதி பதியாது. யன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு, விளக்கு கிட்ட இருக்கக்கூடாது.

அக்ரிலிக் பூசிய பரப்பில் இதைச் செய்யாதேங்கோ. அசிற்றோன் அக்ரிலிக்கையே கரைக்கும், எல்லாம் குழம்பிப் போகும். அங்கே ஜெல் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) பூசி, கொப்பியைக் கவிழ்த்து ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, ஈரத்துணியால் கடதாசியை உருட்டி எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாளாவது விடுங்கோ. அவசரப்பட்டால் படமும் கடதாசியோடு உரிந்து வரும்.

முக்கியமானது கடைசியில்: கவிழ்த்துப் பதிக்கிறதால் எழுத்து இடவலம் திரும்பும். முதலே கண்ணாடிப் பிம்பமாக்கி பிரிண்ட் எடுங்கோ. தமிழ் வாசிக்கத் தெரியாத ஓவியர் அப்பாவின் கடிதத்தைப் பதித்தால் இது நடக்கும். “ப” இரண்டு பக்கமும் ஒன்று மாதிரித்தான் தெரியும், தப்பிவிடும். “ட” காட்டிக்கொடுத்துவிடும்.

தெற்குவாசல் எழுதியது:

திரும்பின “ட” வேண்டுமென்றே விடப்பட்டதாகவும் இருக்கலாமே? வாசிக்க முடியாத தாய்மொழி.

கார்பன்பிரதி எழுதியது:

இருக்கலாம். படலை அண்ணையின் பத்துப் படச் சோதனைதான். எல்லாப் படத்திலும் திரும்பியிருந்தால் அது ஓவியர் எடுத்த முடிவு, ஒன்றில் மட்டும் என்றால் கைப்பிழை.

தென்னோலைச்சுவடி எழுதியது:

யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் தோம்பு நூலை (2011) யாரும் சொல்லவில்லையே. தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவு. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதையே கட்டடக்கலைஞர் அளவுப்படமாக்கினார். அதன் மேல் ஓவியரின் வரைவு வந்தது. ஒரே வீடு மூன்று தரம் கீறப்படுகிறது. 1990 ஐப்பசியில் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கும், 1995 ஐப்பசியில் வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் நடந்தவர்களுக்கும் வீடு முதலில் தளப்படமாகத்தான் ஞாபகம் வரும். கிணறு எங்கே, தலைவாசல் எந்தப் பக்கம், மாமரம் யார் பக்கத்து வேலியோடு என்று.

மாணவர் இதே வழியில் வேலை செய்ய விரும்பினால்: கோடு போட்ட கொப்பி, கட்டத்தாள் கொடுக்காதேங்கோ, வெற்றுத்தாள் கொடுங்கோ. பென்சில் கொடுங்கோ, அழிறப்பர் வேண்டாம். அழிக்க முடியாதபோது ஆட்கள் மேலே மேலே கீறித் திருத்துவினம், அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது. கிணற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கோ. வீட்டைக் கேட்டால் சதுரம் கீறிவிட்டு நிறுத்துவினம், கிணற்றைக் கேட்டால் துலா, வாய்க்கால், வாழை, அயல் என்று தானாக விரியும். ஒரே குடும்பத்தில் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கீறவிடுங்கோ. அண்ணனின் தாளில் குசினி இருக்காது, தங்கச்சியின் தாளில் கேற் இருக்காது.

காணி இலக்கம், உறுதி எண், ஒழுங்கைப் பெயர் எல்லாவற்றையும் காட்சிக்கு முன் அகற்றுங்கோ. வழக்கு நடக்கிற காணிகள் இன்னும் இருக்கு.

வெயில்மானி எழுதியது:

நடைமுறைக் குறிப்பு ஒன்று, ஏனென்றால் படங்களும் புலம்பெயர்கின்றன. இங்கிருந்து கனடாவுக்கு அக்ரிலிக் கன்வஸைச் சுருட்டி அனுப்புகிறவர்கள் வர்ணப்பக்கம் வெளியே வரச் சுருட்டுங்கோ. குழாய் 10 செ.மீ. விட்டத்துக்குக் குறையக்கூடாது, தடித்த பூச்சென்றால் இன்னும் பெரிசு. இடையில் சிலிக்கன் பூசிய ஒட்டாத தாள் வையுங்கோ, சும்மா தாள் வெக்கையில் அக்ரிலிக்கோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே மார்கழியில் பொதி வந்தால் உடனே விரிக்கச் சொல்லாதேங்கோ. அக்ரிலிக் 5 பாகைக்குக் கீழே விறைக்கும், அப்போது வளைத்தால் வெடிக்கும். வீட்டுக்குள் ஒரு நாள் மூடியபடியே வைத்து, பிறகு திறக்க வேண்டும்.

கதியால் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதிரிச் சுவர்க்குறிப்பு எழுதிப் பார்த்தேன், கற்பனைப் படத்துக்கு. வெட்டுங்கோ:

“கன்வஸில் அக்ரிலிக், ஜெல் பதிவு. முற்றத்து மணல், கடிதத்தின் பிரதி மேல் மூன்று மெல்லிய பூச்சுகளால் ஆனது. எழுத்துகள் இடவலம் திரும்பியுள்ளன, தொடரின் எல்லாப் படங்களிலும் அப்படியே. கிணறும் துலாவும் வேலியும் வீட்டாரின் பென்சில் கீறலிலிருந்து அளவு மாற்றாமல் எடுக்கப்பட்டவை. குசினி கீறலில் இல்லாததால் படத்திலும் இல்லை. ஆனி மாத நடுப்பகல். ஆட்களின் நிழல் வடக்கே நீண்டு விழுகிறது.”

சங்கடப்படலை எழுதியது:

வலியும் இல்லை, வேரும் இல்லை. வடிவு.

வெயில்மானி எழுதியது:

தம்பி, கடைசி வசனம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை இங்கே நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கம். ஆனியில் நிழல் தெற்கே, அதுவும் ஒன்றரை அடிதான். வடக்கே நீண்டு விழுகிறது என்றால் அந்த ஓவியர் லண்டனில் வளர்ந்தவர் என்று குறிப்பில் சேருங்கோ. நீங்கள் இங்கே வளர்ந்தவர் என்றால் மட்டும் திருத்துங்கோ.